ராஜகால்வாய் ஓரத்து அடுக்குமாடி: வெள்ள எச்சரிக்கைக் கருவியில் எதற்குப் பணம் கொடுக்கலாம்?

கேள்வி: பெங்களூரு ஈஜிபுராவில், ராஜகால்வாயை (நகரின் பெரிய மழைநீர் வடிகாலை) ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் நான். மொத்தம் நாற்பது வீடுகள். கார்கள், ஜெனரேட்டர், மின்மீட்டர்கள், மெயின் சுவிட்ச் எல்லாம் பேஸ்மென்ட்டில்தான். பெருமழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடுகிறது. செயற்கை நுண்ணறிவும் சென்சார்களும் கொண்ட கருவியைப் பொருத்தினால் இரண்டு நாள் முன்பே வெள்ளத்தைச் சொல்லிவிடலாம் என்கிறது ஒரு நிறுவனம். வாங்கலாமா?

பதில்: கருவி வாங்கலாம். ஆனால் அந்த இரண்டு நாள் வாக்குறுதிக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

நாள் கணக்கில் முன்னறிவிப்பு என்பது பேராறுகளுக்குப் பொருந்தும் பேச்சு. கூகுள் 2018-இல் பாட்னாவில் சோதனையாகத் தொடங்கிய வெள்ளக் கணிப்பு இன்று பல நாடுகளில் ஏழு நாள் வரை முன்கூட்டிச் சொல்கிறது. நேபாள மலைச்சரிவில் பெய்த மழை பீகார் சமவெளிக்கு வந்துசேர நேரம் பிடிக்கும்; அந்த இடைவெளியில்தான் கணிப்பொறிக்கு வேலை. பெங்களூரோ கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், மேட்டின் மீது அமைந்த நகரம். பெரிய ஆறு கிடையாது. மாலையில் திரண்ட இடிமேகம் ஒரு மணி நேரம் கொட்டினால், கான்கிரீட் பரப்பில் விழுந்த நீர் அப்படியே கோரமங்களா-செல்லகட்டா பள்ளத்தாக்கில் வழிந்து உங்கள் சுவரோரம் வந்து நிற்கும். உங்கள் பகுதியில் கிடைக்கக்கூடிய அவகாசம் நிமிடக் கணக்கில்தான். மிஞ்சினால் ஓரிரு மணி நேரம்.

ஆகவே முதலில் உங்களுக்கு எவ்வளவு நேரம் தேவை என்று அளந்துபாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகை வையுங்கள்: எல்லாக் கார்களையும் ஒரே சாய்தளம் வழியாக மேலே கொண்டுவர எத்தனை நிமிடம்? இரவில் ஆட்களை எழுப்பும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் ஆகிறது என்றால், அரை மணி நேரம் முன்பாக ஒலிக்காத எந்தக் கருவியும் உங்களுக்குப் பயன்படாது.

இந்தக் கணக்கைப் போட்டதும் சென்சாரை எங்கே வைப்பது என்பது விளங்கிவிடும். பேஸ்மென்ட்டுக்குள் வைத்தால் தண்ணீர் வந்த பிறகுதான் அது சொல்லும். கால்வாயில் ஒரு கிலோமீட்டர் மேலே வைத்தால், நீர் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும்போது சுமார் 17 நிமிடம் கிடைக்கும். இரண்டு மீட்டர் வேகமென்றால் எட்டு நிமிடம்தான். மீதி அவகாசத்தை மழையிடமிருந்துதான் வாங்க வேண்டும். மேற்புறத்தில் இன்னொரு குடியிருப்பின் மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைக்க அந்தச் சங்கத்தோடு பேசுங்கள். கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் நகரெங்கும் தானியங்கி மழைமானிகளையும், கால்வாய்களில் நீர்மட்ட சென்சார்களையும் வைத்திருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தோடு சேர்ந்து 2020-இல் மேகசந்தேஷா என்ற மழை, வெள்ளத் தகவல் செயலியையும் கொண்டுவந்தது. அந்தத் தரவை உங்கள் கருவி எடுத்துக்கொள்ளுமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள்.

மற்றொன்று, கோரமங்களாவின் எஸ்.டி. பெட் பகுதியை அறிந்தவர்களுக்குத் தெரியும். அது ஸ்ரீனிவாகிலு ஏரி இருந்த நிலம். நீர் அங்கே தங்கத்தான் செய்யும். இத்தகைய தாழ்விடங்களில் மேலிருந்து வரும் நீரைவிட, கீழே அடைத்துக்கொண்ட சிறுபாலத்திலிருந்து திரும்பி ஏறும் நீரே பல நேரம் வீட்டுக்குள் நுழைகிறது. மெத்தையும் பிளாஸ்டிக்கும் சிக்கிக் கிடப்பதை எந்தச் செயற்கை நுண்ணறிவாலும் ஊகிக்க முடியாது. கீழ்ப்புறப் பாலத்தடியில் இரண்டாவது சென்சார் வையுங்கள். அங்கே மட்டம் முதலில் ஏறினால் அடைப்பு என்று பொருள். மாநகராட்சியின் மழைநீர் வடிகால் பிரிவை உடனே அழைக்கலாம். கால்வாய் அவர்களுடையது என்பதால் சென்சார் பொருத்தவும் அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும்.

எந்த வகைச் சென்சார்? நீருக்குள் மூழ்கியிருக்கும் அழுத்தமானி ராஜகால்வாயின் சேற்றில் சீக்கிரம் கெடும். மேலிருந்து ஒலி அனுப்பி எதிரொலியை அளக்கும் மீயொலிச் சென்சார் விலை குறைவு. ஆனால் நுரை, மிதக்கும் குப்பை, முகப்பில் சிலந்தி பின்னும் வலை எல்லாம் அதை ஏமாற்றும். காற்றின் வெப்பம் மாறினால் ஒலியின் வேகமும் மாறுவதால் வெப்பத் திருத்தம் உள்ளதா என்று பாருங்கள். ரேடார் வகைக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. பணம் இருந்தால் அதையே வாங்குங்கள்.

செயற்கை நுண்ணறிவு வீண் என்று நான் சொல்லவில்லை. மேலே இவ்வளவு மழை பெய்தால் இங்கே இவ்வளவு மட்டம் ஏறும் என்ற உறவைக் கற்றுக்கொள்வதில் அது மனிதரைவிடத் தேர்ந்தது. ஆனால் கற்க உங்கள் கால்வாயின் பழைய அளவுகள் வேண்டும். வேறு நகரத்துத் தரவில் பயின்றது உங்கள் வளைவையும் உங்கள் பாலத்தையும் அறியாது. குறைந்தது இரண்டு மூன்று மழைக்காலம் வரை எளிய விதியே போதும்: இந்த உயரத்தைத் தொட்டாலோ, பத்து நிமிடத்தில் இவ்வளவு ஏறினாலோ சைரன். எல்லா அளவுகளும் சங்கத்தின் உடைமை, கேட்டபோது கோப்பாகத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நிறுவனம் மாறினாலும் அந்தத் தரவு உங்களிடம் இருக்கும்.

பெருமழையில் முதலில் மின்சாரம் போகும், அடுத்து இணையம். சென்சாருக்குத் தனி பேட்டரி வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது தான் உயிரோடு இருப்பதைத் தெரிவிக்க வேண்டும். அந்தச் செய்தி நின்றுபோனால் அதுவே ஓர் எச்சரிக்கையாக ஒலிக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு வாட்ஸ்அப் யாரையும் எழுப்பாது. இணையம் இல்லாமலே இயங்கும் சைரன் காவலர் அறையில் இருக்கட்டும்.

சைரன் ஒலித்ததும் முதல் வேலை பேஸ்மென்ட்டின் மின்சாரத்தைத் துண்டிப்பது. லிஃப்ட்டை மேல்தளத்தில் நிறுத்துவது. கார்களெல்லாம் பிறகுதான். 2025 மே மாதம் பி.டி.எம். லேஅவுட்டில் ஓர் அடுக்குமாடியின் அடித்தளத்தில் தேங்கிய நீரை இறைக்க முயன்றபோது மின்சாரம் பாய்ந்து ஒரு முதியவரும் ஒரு சிறுவனும் இறந்தார்கள். உங்கள் மின்மீட்டர்களும் மெயின் சுவிட்சும் கீழே இருப்பதைப் படித்ததும் எனக்குக் கவலை வந்தது. சங்கத்தில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், சென்சாரைத் தள்ளிவைத்துவிட்டு அவற்றைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள். மே மாதக் கோடைமழைக்கு முன்பே அந்த வேலை முடிந்திருக்க வேண்டும். இடமாற்றத்துக்கு மின்விநியோக நிறுவனத்தின் அனுமதி தேவை என்பதால் விண்ணப்பத்தை இப்போதே கொடுத்துவிடுங்கள்.