விக்கெட்: வாசலா, குச்சியா, ஆடுகளமா?

கேள்வி: ‘விக்கெட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி ‘சிறு கதவு’ என்று பொருள் தருகிறது. கிரிக்கெட் வர்ணனையிலோ அது குச்சிகளையும், வீரர் ஆட்டமிழப்பதையும், ஆடுகளத்தையும் குறிக்கிறது. இவற்றுக்குள் தொடர்பு உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. கோட்டையின் பெருங்கதவை ஒவ்வோர் ஆளுக்காகவும் திறந்து மூடுவது இயலாத காரியம் என்பதால், அதன் ஒரு பலகையிலேயே ஒருவர் மட்டும் குனிந்து, கீழ்ச்சட்டத்தைத் தாண்டி நுழையும்படி சிறு கதவு ஒன்றை அமைத்தார்கள். தமிழில் திட்டிவாசல் எனப்படும் இதுவே விக்கெட்டின் மூலப்பொருள். பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், இன்றைய பிரெஞ்சில் ‘கிஷே’ என மாறிப் பயணச்சீட்டு கொடுக்கும் சாளரத்தைக் குறிக்கிறது. கனடாவின் ஆங்கிலத்தில் விக்கெட்டுக்கே அந்தப் பொருள் உண்டு. நீர்மின் நிலையங்களில் சுழலிக்குள் பாயும் நீரைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் தகடுகளும் ‘விக்கெட் கேட்’ எனப்படுகின்றன.

கிரிக்கெட்டுக்குள் இப்பெயர் வந்த விதம்தான் சுவையானது. தொடக்கத்தில் நட்டது இரண்டே குச்சிகள். அவற்றின் மேல் ஒரு குறுக்குக் குச்சி. தொலைவிலிருந்து பார்த்தால் அது ஒரு குட்டி வாசலேதான். 1775இல் லம்பி ஸ்டீவன்ஸ் வீசிய பந்து, ஜான் ஸ்மாலின் மட்டையைத் தாண்டி, குறுக்குக் குச்சி விழாமல் அந்த வாசலுக்குள் மும்முறை புகுந்து போயிற்று. நன்றாகப் பந்து வீசியவருக்குப் பலனில்லாமல் போன இந்த அநியாயத்துக்குப் பிறகுதான் நடுக்குச்சி வந்தது. இன்று மூன்று குச்சிகளும் மேலே பெயில் எனப்படும் இரண்டு குறுக்குக் குச்சிகளுமாக, 28 அங்குல உயரமும் 9 அங்குல அகலமும் கொண்டது விக்கெட். நடுக்குச்சி வந்ததும் வாசலின் சாயல் போய்விட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பந்து பட்டு இது சரிந்தால் மட்டையாளர் வெளியேற வேண்டும் என்பதால், விக்கெட் விழுவது ஆட்டமிழப்பதற்கே பெயராயிற்று. நாளடைவில் குச்சியைத் தொடாத கேட்ச்சும், குச்சிக்குப் போகும் பந்தைக் காலால் மறிக்கும் எல்பிடபிள்யூவும் கூட விக்கெட் கணக்கில் சேர்ந்துகொண்டன. பதினொருவர் கொண்ட அணிக்குப் பத்து விக்கெட்டுகளே இருப்பது ஏன் என்று பலர் குழம்புகிறார்கள். கடைசியாக நிற்பவருக்கு எதிர்முனையில் துணை இல்லாதபோது இன்னிங்ஸ் முடிந்துவிடுகிறது, அவ்வளவே. இரண்டாவதாக ஆடும் அணி நான்கு விக்கெட்டுகளை இழந்து இலக்கை எட்டினால், மீதமிருப்பவற்றைக் கணக்கிட்டு ஆறு விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி என்கிறோம்.

எனக்கு உடன்பாடில்லாதது, இரு விக்கெட்டுகளுக்கும் இடையிலுள்ள 22 கஜ நிலத்தையும் அதே பெயரால் அழைப்பது. ஆட்ட விதிகள் அதைப் பிட்ச் என்றே குறிப்பிடுகின்றன. ‘விக்கெட் காய்ந்துவிட்டது’ என்று வர்ணனையாளர் சொன்னால், பழகியவர்களுக்குத்தான் புரியும். தமிழில் எழுதும்போது ‘ஆடுகளம்’ என்று எழுதுவதே முறை.