உங்கள் மகளின் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தீர்களா, அண்ணாச்சி?

சனிக்கிழமை நீங்களும் மதினியும் வந்தபோது இரண்டு பேர் முகத்திலும் தூக்கமே இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு முன்பணம் கட்ட இந்த வாரம்தான் கடைசி, கட்டாவிட்டால் பெங்களூரு மச்சினன் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டீர்கள். பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அது போதாது. கட்டாதீர்கள்.

கடையை அடமானம் வைத்துப் படிக்க வைக்கப் போகிறீர்கள், அந்தப் படிப்பை அவள் கேட்கவே இல்லை. ராத்திரி சீரியலில் எந்த விளம்பரம் எத்தனை தடவை வருகிறது என்று மூன்று மாதமாக நோட்டில் கோடு போட்டு எண்ணி வைத்திருக்கிறாள். "ஒரே மசாலாப் பொடியை அரைமணி நேரத்தில் நாலு தடவை ஏன் சார் காட்டுகிறார்கள்?" என்று கேட்டாள். இதற்குப் பதில் கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுக்கிறார்கள். மீடியா பிளானிங் என்று பெயர். விலை பேசி விளம்பர நேரத்தை வாங்குவது மீடியா பையிங்.

டிவியில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று பார்க் இந்தியா (BARC) அமைப்பு 2015 முதல் கணக்குக் கொடுக்கிறது. 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் டிவி பார்ப்பதைக் குறித்துக்கொள்ளும் மீட்டர் உண்டு. டிவி முன் உட்காருகிறவர் தனக்குரிய பட்டனை அழுத்த வேண்டும். சேனலின் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத அடையாளம் ஒன்று இருக்கும், மீட்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். வீடுகளை வசதிப்படியும் பிரிக்கிறார்கள்: குடும்பத்தில் முதன்மையாகச் சம்பாதிப்பவரின் படிப்பு, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்ற 11 பொருட்களில் எத்தனை இருக்கின்றன, இவ்வளவுதான்.

ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். மசாலா வாங்கும் பெண்களிடம் ராத்திரி சீரியலுக்கு ரேட்டிங் 6, அதாவது நூறு பேரில் ஆறு பேர் பார்க்கிறார்கள்; பத்து விநாடி விளம்பரத்துக்கு 30,000 ரூபாய். ஒரு ரேட்டிங் புள்ளிக்கு 5,000 ஆகிறது. மத்தியானச் சீரியலுக்கு ரேட்டிங் 2, விலை 6,000. புள்ளிக்கு 3,000தான். மலிவு என்று உடனே வாங்கிவிடலாமா? ராத்திரி பார்க்கிற அதே பெண்கள்தான் மத்தியானமும் பார்க்கிறார்கள் என்றால் புதிதாக யாரும் சேரவில்லை, பார்த்தவர்களே இன்னொரு தடவை பார்க்கிறார்கள். பெயர் பதியட்டும் என்றால் அது சரி. புது வாடிக்கையாளர் வேண்டுமென்றால் வேறு சேனலுக்குப் போக வேண்டும். சரக்கு விலையும் தெரிந்து, தெருவில் யார் வாங்குவார்கள் என்றும் தெரிந்த கடைக்காரர் மகளுக்கு இது புதுசா, அண்ணாச்சி?

படிப்பு பி.எஸ்சி. புள்ளியியல். அரசுக் கல்லூரியில் கட்டணம் உங்கள் ஒரு மாத மளிகைக் கொள்முதலுக்குக்கூட வராது. எக்செல் நன்றாகப் பழகட்டும். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, நல்ல வேலைகள் பெரும்பாலும் மும்பையிலும் குருகிராமிலும்தான். அகமதாபாத் மைக்கா (MICA) கல்லூரியில் முதுநிலை படிக்க ஆசைப்படுவாள், லட்சக்கணக்கில் ஆகும். இரண்டு வருஷம் வேலை பார்த்த பிறகு அவளே முடிவு செய்யட்டும், இப்போது அந்தக் கடனும் வேண்டாம்.

மச்சினனிடம் நானே பேசுகிறேன். திங்கள்கிழமை அவளை அந்த நோட்டோடு அனுப்புங்கள், விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்பிவிடலாம்.