கிரானைட்ல தங்கம் இருந்தா அது கிரானைட் குடுத்த தங்கமா?

தம்பி, உன் மெயில ரெண்டு தடவ படிச்சேன். எம்.எஸ்சி ஜியாலஜி ப்ராஜெக்ட்டுக்கு மேற்கு ஆப்பிரிக்கா தங்கப் படிவுகள வகை பிரிக்கிற டாபிக் குடுத்திருக்காங்க, இதுனால வேலை கிடைக்குமா, அப்பா வேற பேசாம ஐடி கோர்ஸ்ல சேருன்னு சொல்றாருன்னு எழுதியிருந்த. தாராளமா எடு. ஆனா எதுக்கு எடுக்குறன்னு தெரிஞ்சு எடு.

கானா, மாலி, புர்கினா ஃபாசோ பக்கம் பிரிமியன்னு சொல்ற பாறைங்க கிட்டத்தட்ட 210 கோடி வருஷம் பழசு. ஒபுவாசி மாதிரி பெரிய சுரங்கம் எல்லாம் ஷியர் ஜோன்ல, அதாவது பாறைங்க உரசி நசுங்கின பட்டையில, வந்த ஒரோஜெனிக் (மலை உருவாகுறப்போ ஓடின திரவம் குடுத்த) வகை, அதுல பெருசா சண்டை இல்ல. சண்டை வர்றது கிரானைட்குள்ள தங்கம் கிடைக்கிற எடத்துலதான். கானாவுல அயன்ஃபுரி பக்கம் சின்னச் சின்ன கிரானைட் உடம்புக்குள்ள தங்கம் இருக்கு, உடனே இன்ட்ரூஷன் ரிலேட்டட், அதாவது உள்ள புகுந்து உறைஞ்ச கிரானைட்டே குடுத்த தங்கம்னு எழுதிடத் தோணும். ஆனா சுத்தி இருக்கிற வண்டல் பாறை வளைஞ்சு குடுக்கும், கிரானைட் மட்டும் கெட்டியா நின்னு விரிசல் விடும், அந்த விரிசல்ல எங்கிருந்தோ வந்த திரவம் தங்கத்த விட்டுட்டுப் போயிருக்கலாம், அப்போ கிரானைட் வெறும் வீடுதான், பெத்தவங்க இல்ல.

நானும் அந்த ஊர் கோர் ஷெட்ல, துளை போட்டு எடுத்த பாறைத் துண்டுங்கள (கோர்) வச்சிருக்கிற எடத்துல, ஒரு துண்ட இன்ட்ரூஷன் ரிலேட்டட்னு தப்பா பதிவு பண்ணியிருக்கேன். சீனியர் ஒருத்தர் அந்தத் துண்ட தண்ணி தெளிச்சு நனைச்சு லென்ஸ கையில குடுத்தாரு, குவார்ட்ஸ் நரம்போட ஓரத்துல கிரானைட் வெளுத்துப்போய் அதுல ஊசி ஊசியா ஆர்சனோபைரைட் (ஆர்சனிக் கலந்த கனிமம்), சுத்தியலால தட்டினா பூண்டு வாசம் வந்துச்சு. "இந்தப் பாறை உறைஞ்சு முடிஞ்சு, அப்புறம் ஒடஞ்சு, அதுக்கப்புறம் வந்த நரம்பு இது, எத வச்சு அந்தப் பேர போட்ட?"ன்னு கேட்டாரு. என்கிட்ட பதில் இல்ல.

கிரானைட்டே குடுத்த தங்கம்னு சொல்லணும்னா பிஸ்மத், டெல்லூரியம், டங்ஸ்டன் கூட வரணும், அலாஸ்காவுல ஃபோர்ட் நாக்ஸ்ல இருக்கிற மாதிரி. ஷீலைட் (டங்ஸ்டன் இருக்கிற கனிமம்) இருக்கான்னு இருட்டுல ஷார்ட் வேவ் யூவி லைட் அடிச்சுப் பாரு, நீலமா ஒளிரும். உலோகங்க கிரானைட்ல இருந்து தள்ளிப் போகப் போக மாறிக்கிட்டே போகணும். கிரானைட் வயசும் தங்கம் வந்த வயசும் ஒத்து வரணும், ஆனா இவ்வளவு பழைய பாறையில ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல வந்து நிக்கும், அதனால வயச மட்டும் வச்சு முடிவு பண்ணாத. மாலியில மொரிலா சுரங்கத்த இன்ட்ரூஷன் ரிலேட்டட்னு சொல்றவங்களும் இருக்காங்க, ஒரோஜெனிக்னு சொல்றவங்களும் இருக்காங்க. உன் தீசிஸ்ல ரெண்டு பக்கத்து ஆதாரத்தையும் எடைபோட்டு எழுது, இன்டர்வியூல கேக்குறதும் அதத்தான். ஏன்னா வகை மாறினா அடுத்த துளை போடுற எடமே மாறும், கிரானைட் ஓரத்த சுத்தித் தேடணுமா, ஷியர் ஜோன புடிச்சுக்கிட்டே போகணுமான்னு. ஒரு துளை தப்பா போட்டா எவ்வளவு காசுன்னு கம்பெனிக்குத் தெரியும்.

இப்போ அப்பா விஷயம். படிச்ச உடனே கானா வேலைன்னு அவர்கிட்ட சொல்லிடாத, அங்க ஜூனியர் வேலைக்கு உள்ளூர் ஆளுங்களத்தான் எடுக்கணும்னு விதி இருக்கு, டார்க்வாவுல மைனிங்குக்குன்னே யுனிவர்சிட்டியும் இருக்கு. மொதல்ல இங்க மூணு நாலு வருஷம் கோர் பாரு. கர்நாடகாவுல ஹட்டி தங்கச் சுரங்கம் இன்னும் ஓடுது, ஜிஎஸ்ஐக்கு (இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம்) யுபிஎஸ்சி நடத்துற ஜியோ சயின்டிஸ்ட் எக்ஸாம் இருக்கு, ரெண்டுக்கும் ட்ரை பண்ணு. கூடவே ஃப்ரெஞ்ச் கத்துக்கோ, கானா தவிர மாலி, செனகல், ஐவரி கோஸ்ட்னு நெறைய எடத்துல அதுதான் ஓடுது. எல்லோ ஃபீவர் ஊசி, மலேரியா மாத்திரை எல்லாம் ஏற்பாட்டோடதான் போவாங்கன்னு அம்மாகிட்டயும் சொல்லிடு, அவங்க பயம் நியாயம்தான். மாலி, புர்கினா ஃபாசோவுல பாதுகாப்பு சரியில்ல, அங்க ஆஃபர் வந்தா என்கிட்ட கேக்காம சைன் பண்ணாத.

இந்த வாரம் உங்க டிபார்ட்மென்ட் லேப்ல கிரானைட்ட வெட்டிப் போற குவார்ட்ஸ் நரம்பு சாம்பிள் இருந்தா எடுத்து, நனைச்சு, ஓரத்த லென்ஸ்ல பாத்து பத்து வரி எழுதி அனுப்பு. பேர் எதுவும் போடாத, பாத்தத மட்டும் எழுது.