வாசகர் கேள்வி-பதில்: காற்றை அளக்கும் வேலை

போன இதழில் கல் அறுக்கிறவர்களின் நுரையீரலைப் பற்றி, சிலிக்கா தூசி எப்படி உள்ளே போய்த் தழும்பாக மாறுகிறது என்று ஒரே ஒரு பத்திதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டு. பாதிப் பேர் நோயைப் பற்றிக் கேட்கிறார்கள், மீதிப் பேர் 'இதைத் தடுப்பதே ஒரு வேலை என்கிறீர்களே, அந்த வேலைக்கு எப்படிப் போவது' என்று கேட்கிறார்கள். இந்த இதழில் ரெண்டாவது கட்சிக்கு முன்னுரிமை.

கேள்வி: வேதியியலில் பட்டம் முடித்திருக்கிறேன். சேஃப்டி கோர்ஸ் படித்தால் வேலை நிச்சயம் என்கிறார்கள். நீங்கள் ஆக்குபேஷனல் ஹைஜீன் என்று எழுதியிருந்தீர்கள். ரெண்டும் ஒன்றுதானே? ஹைஜீன் என்றால் கை கழுவுவது, கழிவறைச் சுத்தம் இதெல்லாமா?

கை கழுவுவதும் உண்டு. ஈயத்தோடு வேலை செய்கிறவர் கையைக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தால் ஈயமும் சேர்ந்தே உள்ளே போகும். ஆனால் பெயரை வைத்து முடிவு கட்டாதீர்கள். சேஃப்டி ஆபீசரின் கவலை இன்று மதியம் நடக்கக்கூடிய விபத்து: ஏணி சறுக்கும், மெஷினில் விரல் மாட்டும், சிலிண்டர் வெடிக்கும். ஹைஜீனிஸ்ட் என்பவர் வேலையிடத்தின் காற்றையும் சத்தத்தையும் அளந்து நோய் வராமல் தடுக்கிறவர், அவர் கவலை இருபது வருஷம் கழித்து வரப்போகிற மூச்சிரைப்பு. ஆஸ்பெஸ்டாஸ் இழையைச் சுவாசித்தவருக்கு அதனால் வரும் புற்றுநோய் தலைகாட்ட முப்பது, நாற்பது வருஷம்கூட ஆகலாம், அதற்குள் கம்பெனி கைமாறியிருக்கும், அந்த மேலாளர் ஓய்வுபெற்றுப் போயிருப்பார், தொழிலாளிக்கே தான் எங்கே என்னத்தைச் சுவாசித்தோம் என்பது மறந்திருக்கும். யாரும் கீழே விழவில்லை, ரத்தம் சிந்தவில்லை, ஆகவே விபத்துப் பதிவேட்டில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

பழைய துறைதான். இத்தாலியில் ரமசீனி என்ற மருத்துவர் 1700-லேயே தொழிலாளர்களின் நோய்களுக்கென்று தனி நூல் எழுதினார், நோயாளியிடம் கேட்கிற கேள்விகளோடு 'என்ன வேலை பார்க்கிறாய்' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று மற்ற மருத்துவர்களுக்குச் சொன்னார். இன்றைக்கும் பல டாக்டர்கள் கேட்பதில்லை, அது வேறு கதை.

வேதியியல் படித்தவருக்கு இது நல்ல துறை. சேஃப்டி கோர்ஸும் படியுங்கள், வீண்போகாது. முதல் வேலை பெரும்பாலும் அந்தப் பெயரில்தான் கிடைக்கும்.

கேள்வி: சரி, ஒரு ஹைஜீனிஸ்ட் காலையில் போய் என்னதான் செய்வார்?

இதைத்தான் விலாவாரியாகச் சொல்ல ஆசை.

தூசி அளக்கிற நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு அடக்கமான ஒரு பம்ப், அதை இடுப்பு பெல்ட்டில் மாட்டுவோம். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் முதுகுப் பக்கமாக ஏறித் தோளைத் தாண்டி வந்து சட்டைக் காலர் அருகே முடியும். அங்கே சின்ன வட்ட டப்பாவுக்குள் ஒரு வடிகட்டித் தாள். மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் அது இருக்க வேண்டும், ஏனென்றால் நமக்குத் தேவை அறையின் காற்று அல்ல, அந்த ஆள் இழுக்கிற காற்று. டப்பாவுக்கு முன்னால் சைக்ளோன் என்று ஒரு குட்டிக் கருவி, காற்றைச் சுழற்றிப் பெரிய தூசியைக் கீழே தள்ளிவிட்டு, சுமார் 4 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் இருக்கிற பொடித்தூசியை மட்டும் தாளுக்கு அனுப்பும். தலைமுடியின் தடிமன் கிட்டத்தட்ட 70 மைக்ரான், அப்படியானால் இந்தத் தூசி எவ்வளவு சின்னது என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற தூசியைப் பெரும்பாலும் மூக்கும் தொண்டையுமே பிடித்துக்கொள்ளும், நுரையீரலின் அடிவரை போவது இதுதான்.

நிமிஷத்துக்கு 2 லிட்டர் வீதம் 8 மணி நேரம் ஓடினால் 960 லிட்டர், ஏறக்குறைய ஒரு கன மீட்டர் காற்று. தாளை முன்னும் பின்னும் எடை போட்டு, ஆய்வகத்தில் அதில் சிலிக்கா எவ்வளவு என்று பார்ப்போம். சிலிக்காவுக்குப் பல நாடுகள் வைத்திருக்கிற வரம்பு கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம். ஒரு ஷிப்டில் ஒரு ஆள் 10 கன மீட்டர் போலக் காற்று இழுப்பார் என்றால் வரம்புக்குள்ளேயே அரை மில்லிகிராம் உள்ளே போகிறது. அரை மில்லிகிராம் என்றால் எட்டுப் பத்து உப்புப் பரல். அவ்வளவுதான் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் சுலபம். கஷ்டம் என்னவென்றால் ஆளோடு பேசுவது. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு கல் பட்டறையில் ஐந்து பேருக்குப் பம்ப் மாட்டிவிட்டு அலுவலக அறையில் போய் உட்கார்ந்துவிட்டேன். நான்கு பேருடைய தாள் சாம்பல் நிறத்தில் வந்தது, ஒருவருடையது மட்டும் புதுத்தாள் மாதிரி வெள்ளை வெளேரென்று. ஆஹா, இவர் நிற்கிற இடத்தில் காற்றோட்டம் பிரமாதம் என்று அறிக்கை எழுதவே ஆரம்பித்துவிட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால், குனியும்போது இடுப்பில் குத்துகிறது என்று அவர் அதைக் கழற்றி உடை மாற்றும் அறையில் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார், சட்டையோடு சட்டையாக. பம்ப் அங்கே ஒழுங்காக 8 மணி நேரம் ஓடியிருக்கிறது. தப்பு அவர் மேல் இல்லை, எதற்காக மாட்டுகிறேன் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம் எங்கே போனாலும் பம்ப் மாட்டிய பிறகு நான் உட்காருவதில்லை. அவர்கள் பக்கத்திலேயே நின்று, எந்த நேரத்தில் யார் என்ன செய்தார், தூசி அடங்க ஊற்றுகிற தண்ணீரை எப்போது நிறுத்தினார், எப்போது துடைப்பத்தால் கூட்டினார் என்று நிமிஷக் கணக்கில் எழுதிக்கொள்வேன். சில சமயம் எண்ணைவிட அந்தக் குறிப்புதான் விஷயத்தைச் சொல்லும்.

கேள்வி: எனக்குக் கணக்கு வராது. இந்தத் துறை சரிப்படுமா?

பள்ளிக் கணக்கு போதும், லாகரிதம் மட்டும் கொஞ்சம் தூசி தட்டிக்கொள்ளுங்கள், சத்தத்தை அளக்கிற டெசிபல் அந்தக் கணக்கில்தான் போகும். 85 டெசிபல் சத்தம் போடுகிற ரெண்டு மெஷின் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் மொத்தம் 170 வராது, 88தான் வரும். அந்த 3 டெசிபல் கூடியதற்கே அங்கே நிற்கலாம் என்கிற நேரம் பாதியாகக் குறையும்: 85 என்றால் 8 மணி நேரம், 88 என்றால் 4, 91 என்றால் 2. நூறைத் தொட்டால் கால் மணிதான். இது புரிந்துவிட்டால் மீதியும் புரியும்.

கேள்வி: நான் வெல்டர். எங்களுக்கு மாஸ்க் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்த நாள்களில் இரவு குளிர்க்காய்ச்சல் மாதிரி வருகிறது, காலையில் போய்விடுகிறது. லீவு முடிந்து வருகிற முதல் நாள்தான் அதிகம். பால் குடித்தால் சரியாகும் என்கிறார்கள்.

அண்ணே, கேள்விக்குள்ளேயே பதிலை வைத்திருக்கிறீர்கள். இது துத்தநாகப் புகையால் வருகிற காய்ச்சல். வாரம் முழுக்க அந்தப் புகையில் இருந்தால் உடம்பு கொஞ்சம் பழகிக்கொள்ளும், ரெண்டு நாள் விலகியிருந்தால் அந்தப் பழக்கம் போய்விடும், அதனால்தான் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே இதற்கு ஒரு பெயர். பால் நம்பிக்கை வெல்டர்களிடம் எங்கே போனாலும் கேட்கிற ஒன்று. பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு, ரெண்டும் சந்திப்பதே இல்லை. காய்ச்சல் மறுநாள் போய்விடும்தான், ஆனால் அது வருகிறது என்றாலே நீங்கள் புகையைச் சுவாசிக்கிறீர்கள் என்று அர்த்தம், அந்தப் புகையில் துத்தநாகம் மட்டும் இருப்பதில்லை. மாங்கனீசு நரம்பைத் தாக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் குரோமியம் வரும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் வெல்டிங் புகையையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் சேர்த்தது.

மாஸ்க் விஷயம். எந்த மாஸ்க் என்று நீங்கள் எழுதவில்லை. துணி மாஸ்க் என்றால் தூக்கி எறியுங்கள். என்95 மாதிரி துகள் வடிகட்டி என்றால் புகையைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. முகத்தில் தாடி இருந்தால் அதையும் பிடிக்காது, விளிம்பு ஒட்டாமல் தாடி மயிர் இடுக்கு வழியே காற்று உள்ளே வந்துவிடும். முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்துத்தான் கொடுக்க வேண்டும், 'ஆளுக்கு ஒன்று எடுத்துக்கோ' என்று பெட்டியை நீட்டக் கூடாது.

ஆனால் எங்கள் துறையில் மாஸ்க் கடைசி. முதலில் அந்த வேலையே தேவையா என்று பார்ப்போம். தேவை என்றால் பூச்சு இல்லாத தகடு கிடைக்குமா, வெல்டிங் செய்யும் இடத்திலாவது பூச்சைத் தேய்த்து எடுக்க முடியுமா (தேய்க்கிற தூசி வேறு, அதையும் உறிஞ்ச வேண்டும்). அப்புறம் புகை கிளம்புகிற இடத்திலேயே உறிஞ்சும் குழாய். இதெல்லாம் செய்தும் மிச்சம் இருக்கிற புகைக்குத்தான் மாஸ்க். உறிஞ்சும் குழாயைத் தீப்பொறியிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாலே இழுக்கும் சக்தி மளமளவென்று விழுந்துவிடும், பல இடங்களில் விலை கொடுத்து வாங்கிய குழாய் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதை நகர்த்தி வைக்கலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். கூடவே, புகை முகத்தைத் தாண்டி மேலே போகாதபடி பக்கவாட்டில் நில்லுங்கள். மூச்சு வாங்குவது மறுநாளும் தொடர்ந்தால் டாக்டரிடம் போய், மறக்காமல், என்ன வேலை என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தொழிற்சாலை மருத்துவர் இருக்கிறாரே, வருஷா வருஷம் எக்ஸ்ரே எடுக்கிறார்களே. அதற்கு மேல் ஹைஜீனிஸ்ட் எதற்கு?

எக்ஸ்ரேயில் சிலிக்கோசிஸ், அதாவது சிலிக்கா தூசியால் வருகிற நுரையீரல் நோய், தெரிந்தால் தழும்பு விழுந்தாகிவிட்டது, அதைத் திரும்ப எடுக்க மருந்தில்லை. டாக்டர் ஆளைப் பார்க்கிறார், நாங்கள் ஆள் நிற்கிற இடத்தைப் பார்க்கிறோம். ரெண்டு பேரும் பேசிக்கொள்கிற இடம் நல்ல இடம்.

கேள்வி: பெண்ணுக்கு இது ஒத்துவராது, ஆலை ஆலையாக அலைய வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

வீட்டில் ஆலிஸ் ஹாமில்டனைப் பற்றிச் சொல்லுங்கள். அமெரிக்காவில் ஈயத் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்து, தொழிலாளிகளின் வீட்டுக்கும் போய்ப் பேசி, யாருக்கு எந்த வேலையில் ஈய நஞ்சு ஏறியது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தவர். இந்தத் துறையில் அவர் அளவுக்கு விஷயம் தெரிந்தவர்கள் அபூர்வம் என்பதால் ஹார்வர்ட் 1919-ல் அவரை எடுத்துக்கொண்டது, அங்கே ஆசிரியராகச் சேர்ந்த முதல் பெண் அவர்தான். எடுக்கும்போதே ஆசிரியர் மன்றத்துக்குள் வரக் கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக் கூடாது, கால்பந்து டிக்கெட் கிடையாது என்று நிபந்தனை. 1935-ல் ஓய்வு பெறும் வரை உதவிப் பேராசிரியர்தான், மேலே ஏற்றவேயில்லை. 101 வயது வரை இருந்தார். அலைச்சல் உண்டுதான், மறைக்க மாட்டேன். ஆனால் ஆய்வகம், அறிக்கை, பயிற்சி என்று உட்கார்ந்து செய்கிற பக்கமும் நிறைய இருக்கிறது.

கேள்வி: எங்கே, என்ன படிப்பது? சான்றிதழ் எது செல்லும்?

அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் அடித்தளம். அதற்கு மேல் முதுகலை படிக்க வசதி இருந்தால் படியுங்கள். இல்லையென்றால் ஓ.எச்.டி.ஏ. என்ற பயிற்சி அமைப்பின் பாடங்கள் இருக்கின்றன: அபாயப் பொருள்களை அளப்பது, சத்தம், வெப்பம், ஆஸ்பெஸ்டாஸ், கட்டுப்பாடு என்று தனித்தனியாக, பல நாடுகளில் நடத்துகிறார்கள். பாடப் புத்தகத்தை அவர்கள் இலவசமாகவே கொடுக்கிறார்கள், ஆகவே காசு கட்டுவதற்கு முன் ஒன்றைப் படித்துப் பாருங்கள், பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். சி.ஐ.எச். (சர்டிஃபைடு இண்டஸ்ட்ரியல் ஹைஜீனிஸ்ட்) என்ற சான்றிதழுக்கு மதிப்பு அதிகம், பட்டமும் சில வருஷக் கள அனுபவமும் இருந்தால்தான் தேர்வே எழுத முடியும். வாரக் கடைசியில் ரெண்டு நாள் வகுப்பு, மூன்றாம் நாள் ஹைஜீனிஸ்ட் என்று விளம்பரம் பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

கேள்வி: சம்பளம் கொடுப்பது நிர்வாகம். அவர்களுக்குப் பிடிக்காத எண்ணை எப்படி எழுதுவது?

நேர்மையான கேள்வி. பிரிட்டனில் தாமஸ் லெக் என்பவர் 1898-ல் தொழிற்சாலைகளுக்கான முதல் மருத்துவ ஆய்வாளராக ஆனார், வெள்ளை ஈயம் கலந்த பெயின்ட் பற்றிய சர்வதேச ஒப்பந்தத்தை அரசு ஏற்க மறுத்தபோது 1926-ல் வேலையை விட்டுவிட்டார். எல்லோராலும் அப்படி முடியாது. என்னாலும் முடிந்ததில்லை.

நான் செய்தது சின்ன விஷயம். ஒரு ஆலையில் நாங்கள் அளக்க வருகிறோம் என்று தெரிந்ததும் முதல் நாள் இரவே தரையைக் கழுவி, பத்து மெஷினில் ஆறை நிறுத்திவிட்டார்கள். எண் அழகாக வந்தது. மாற்றி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை, தேவையும் இல்லை. நான் அதே எண்ணை எழுதி, அதற்குக் கீழே 'அளந்த நாளில் ஓடியவை 4, நின்றவை 6, தரை ஈரமாக இருந்தது' என்று ஒரு வரி சேர்த்தேன். மேலாளர் அந்த வரியை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று மூன்று முறை போன் செய்தார். நாலாவது முறை, பத்தும் ஓடும்போது எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார்.