இல்லாத கட்டடத்துக்கு முகவரி எழுதுவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் நகரத்தில் இன்று இல்லாத கட்டடங்களைப் பற்றிச் சில நண்பர்கள் சேர்ந்து தகவல் திரட்டி வருகிறோம். அஞ்சலட்டைகள், குடும்ப ஆல்பங்கள், செய்தித்தாள் நறுக்குகள் என்று நிறையச் சேர்ந்துவிட்டன. எப்படி ஒழுங்குபடுத்துவது என்று தெரியவில்லை. ஒரு பழைய திரையரங்கு இருந்த இடத்தைக் கேட்டால் பெரியவர்கள் இருவர் இரண்டு வெவ்வேறு தெருக்களைச் சொல்கிறார்கள். இருவருமே உறுதியாகச் சொல்கிறார்கள். இதற்கிடையில் நூறு வயதைத் தாண்டிய ஒரு வீட்டை இடிக்கப்போகிறார்கள். உள்ளே வந்து படமெடுத்துக்கொள்ள உரிமையாளர் சம்மதித்திருக்கிறார். எங்களில் யாரும் கட்டடக்கலை படித்தவர்கள் இல்லை. நாங்கள் செய்வதில் பயன் இருக்குமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நின்றுகொண்டிருக்கும் வீட்டிலிருந்து தொடங்குங்கள். ஆல்பங்கள் காத்திருக்கும், வீடு காத்திருக்காது. சுவர் விழுவதற்குப் பல நாட்கள் முன்பே இடிப்பு தொடங்கிவிடும். கதவு, ஜன்னல், மரத்தூண், படிக்கட்டுக் கைப்பிடி, தரைக்கல் என்று விலைபோகும் பொருட்கள்தான் முதலில் கழற்றப்படும். ஆகவே மரவேலைப்பாடுகளை முதல் நாளே படமெடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கதவுக்கும் ஜன்னலுக்கும் ஓர் எண் கொடுத்து, அதே எண்ணை வரைபடத்திலும் குறியுங்கள். கழற்றி விற்கப்பட்ட கதவு பின்னால் எங்காவது கண்ணில் பட்டால், அது எந்த அறையின் கதவு என்று சொல்ல அந்த எண்தான் உதவும்.

அளவெடுக்க மூன்று பேர் போதும். இருவர் நாடா பிடிக்க, ஒருவர் எழுத. 30 மீட்டர் நாடா ஒன்று, 5 மீட்டர் நாடா ஒன்று, தூக்குக்குண்டு, கட்டம் போட்ட தாள், பென்சில். முதலில் நாடாவைத் தொடாமல் ஒவ்வொரு தளத்தையும் கையால் வரைந்துகொள்ளுங்கள். இடுப்புக்குச் சற்று மேலே வீட்டைக் கிடைமட்டமாக வெட்டிவிட்டு மேலிருந்து பார்ப்பதாக எண்ணி வரைந்தால் கதவுகளும் ஜன்னல்களும் தவறாமல் வந்துவிடும். பிறகு சுவரின் ஒரு மூலையில் நாடாவின் பூஜ்யத்தை வைத்து, நாடாவை எடுக்காமலே வழியில் வரும் ஒவ்வொரு விளிம்பின் அளவையும் வரிசையாகப் படியுங்கள். ஜன்னலைத் தனியே, இடைச்சுவரைத் தனியே அளந்து கூட்டுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. ஒவ்வொரு முறையும் அரை சென்டிமீட்டர் பிசகினால் 12 அளவுகளில் அது 6 சென்டிமீட்டர் வரை போய்விடும்.

ஒவ்வொரு அறையிலும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளப்பது கட்டாயம். பழைய அறைகள் பல செங்கோணத்தில் இருப்பதில்லை. நான்கு பக்க அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கோணலை வரைய முடியாது. சுவரின் தடிமனை வாசல் திறப்புகளில் அளந்துகொள்ளுங்கள். ஒரு சுவர் மட்டும் மெலிந்திருந்தால், அது பின்னாளில் எழுப்பிய தடுப்பாக இருக்க வாய்ப்புண்டு. அந்த ஓர் எண் வீட்டின் வரலாற்றையே மாற்றிவிடக்கூடும்.

படங்களுக்கு ஓர் எளிய முறை உண்டு. அறையின் நான்கு மூலைகளிலும் நின்று எதிர் மூலையை நோக்கி ஒவ்வொரு படம், பிறகு ஒவ்வொரு சுவருக்கும் நேர் எதிரே நின்று ஒரு படம், தரைக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று. 10 சென்டிமீட்டருக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் பட்டை தீட்டிய 1 மீட்டர் கோலைச் சுவரோடு ஒட்டி நிறுத்திக்கொள்ளுங்கள். முப்பரிமாண மாதிரி செய்யும் எண்ணம் இருந்தால் அடுத்தடுத்த படங்கள் 60 முதல் 80 சதவீதம் வரை ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். வெறும் வெள்ளைச் சுவரிலும் கண்ணாடியிலும், படங்களைக் கோத்து மாதிரி செய்யும் மென்பொருள் தடுமாறும். அங்கே நாடாவை நம்புங்கள்.

கூரையையோ உத்தரத்தையோ எடுக்கத் தொடங்கிய பிறகு உள்ளே போகாதீர்கள். இதை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். சிகாகோவின் பழைய பங்குச் சந்தைக் கட்டடம் இடிபட்டபோது, அதன் அலங்காரத் துண்டுகளை மீட்க உள்ளே போன புகைப்படக்காரர் ரிச்சர்ட் நிக்கல் 1972இல் இடிபாட்டில் சிக்கி இறந்தார். அந்தக் கட்டடத்தின் வர்த்தகக் கூடம் பின்னர் சிகாகோ கலைக்கழகத்தில் மீண்டும் அமைக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.

பயன் இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். 1944இல் ஜெர்மானியப் படையினர் திட்டமிட்டுத் தகர்த்த, போலந்தின் தலைநகர் வார்சாவின் பழைய நகரம் போருக்குப் பின் மீண்டும் எழுந்தது. அதற்கு உதவியவற்றில் முக்கியமானவை, வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்கள் போருக்கு முன்பு அளந்து வரைந்த வரைபடங்கள். கற்றுக்கொண்டிருந்தவர்கள் எடுத்த அளவுகள் அவை. இத்தாலிய ஓவியர் பெல்லோட்டோ 18ஆம் நூற்றாண்டில் தீட்டிய நகரக் காட்சிகளும் கைகொடுத்தன. ஆனால் அவர் சில முகப்புகளைத் தன் விருப்பப்படி மெருகேற்றியிருந்தார். அழகான சான்றையும் சரிபார்க்காமல் ஏற்கக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி திரையரங்கு. பெரியவர்கள் இருவரும் சரியாகச் சொல்லியிருக்கலாம். நிறுவனம் இடம் மாறும்போது பெயரையும் எடுத்துக்கொண்டு போய்விடும். பழைய கட்டடம் வேறு பெயரில் கிடங்காகவோ கடையாகவோ பல ஆண்டுகள் நிற்கும். பெயரை வைத்துக் கோப்பு திறந்தால் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடும். நிலத்தை வைத்துத் திறவுங்கள். ஒரு மனைக்கு ஒரு கோப்பு. அதற்குள் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்ன கட்டடம், என்ன பெயர், என்ன பயன்பாடு என்று எழுதுங்கள். உங்கள் சேகரிப்பு முழுவதையும் அடுக்க இந்த ஒரு விதி போதும் என்றே நினைக்கிறேன்.

மனையைக் கண்டுபிடிக்கக் கதவு எண்ணை நம்பாதீர்கள். எண்கள் மாற்றப்பட்டிருக்கும், சில இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை. இன்றும் நிற்கும் ஏதாவதொரு தெருமுனைக் கட்டடத்திலிருந்து எத்தனையாவது வாசல் என்று எண்ணுவதே பாதுகாப்பு. பழைய நில அளவை வரைபடத்தை ஸ்கேன் செய்து, கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்துங்கள். இரண்டு வரைபடங்களிலும் ஒரே இடத்தைக் குறிக்கும் புள்ளிகள் நான்கு இருந்தாலே பொருந்திவிட்டதுபோல் தெரியும். ஆனால் பழைய தாள் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வரைபடம் முழுக்கப் பரவலாக 8, 10 புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு பிழை வருகிறது என்று பாருங்கள். சாலையின் ஓரங்களைப் புள்ளியாகக் கொள்ளாதீர்கள், சாலைகள் அகலப்படுத்தப்பட்டிருக்கும். வழிபாட்டிடக் கோபுரம், ரயில் பாலத்தின் தூண், பழைய கிணறு போன்றவை நகராதவை.

வரைபடத்தில் அச்சிட்ட ஆண்டு ஒன்று, அளவெடுத்த ஆண்டு வேறு. இடையில் பல ஆண்டுகள் ஓடியிருக்கலாம். அளவெடுத்த ஆண்டுதான் உங்களுக்கு வேண்டியது. 1912 அளவையில் காலிமனை, 1926 அளவையில் கட்டடம் என்றால் ‘1912க்கும் 1926க்கும் இடையில்’ என்று எழுதுங்கள். தோராயமாக ஓர் ஆண்டைப் போட்டுவிட்டால் அடுத்தவர் அதையே உறுதியான ஆண்டாக எடுத்தாள்வார், பிறகு திருத்தவே முடியாது. தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரைந்த வரைபடங்கள் கிடைத்தால் அது பெரிய கொடை. அமெரிக்காவின் சான்போர்ன் வரைபடங்களில் செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக்கட்டடம் மஞ்சள். எதனால் கட்டியது என்பதை நிறமே சொல்லிவிடும். கட்ட அனுமதி கேட்டுக் கொடுத்த வரைபடம் கிடைத்தால், அது கட்டத் திட்டமிட்டதை மட்டுமே காட்டுகிறது என்று குறித்துவையுங்கள்.

அஞ்சலட்டைகளைப் பார்க்கும்போது கவனம் தேவை. குறுக்கே வரும் தந்திக்கம்பி, மின்கம்பிகளை அழித்து, மனிதர்களைச் சேர்த்து அச்சிடுவது வழக்கமாக இருந்தது. தபால் முத்திரை, படம் அந்தத் தேதிக்கு முந்தையது என்பதை மட்டுமே காட்டும், எவ்வளவு முந்தையது என்று காட்டாது. நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்ட படங்களும் உண்டு, பலகை எழுத்துகளும் சட்டைப் பொத்தான்களும் இடவலம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். செங்கல் தெரிகிற படமானால் உயரத்தையே கணக்கிடலாம். அதே காலத்தைச் சேர்ந்த, இன்னும் நிற்கும் சுவரொன்றில் 10 வரிசையைக் காரையோடு சேர்த்து அளந்து, பத்தால் வகுத்து ஒரு வரிசையின் உயரத்தைக் கண்டுகொண்டு, படத்தில் தெரியும் வரிசைகளை எண்ணிப் பெருக்குங்கள். கேமராவை அண்ணாந்து எடுத்த படமாக இருந்தாலும் எண்ணிக்கை மாறாது என்பதுதான் இந்த முறையின் பலம்.

செயற்கை நுண்ணறிவால் வண்ணமேற்றிய, கூர்மையாக்கிய படங்களைத் தயவுசெய்து ஆவணத்தில் கலக்காதீர்கள். இல்லாத ஜன்னல் சட்டங்களையும் இல்லாத பூவேலைகளையும் அது தானே வரைந்து நிரப்பிவிடும். காலம் அழித்ததைவிட மோசமான சேதம் அது.

பெரியவர்களிடம் பேசும்போது படத்தை முதலில் காட்டாதீர்கள். படம் நினைவின் மேல் படிந்துவிடும். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, நுழைவாயிலிலிருந்து இருக்கை வரை போன வழியை வரையச் சொல்லுங்கள். சீட்டு எங்கே கொடுத்தார்கள், மழை வந்தால் எங்கே ஒதுங்கினார்கள், வெளியே வரும்போது கண் கூசியது எந்தப் பக்கத்து வெயிலால் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கான பதில், காட்சி நேரத்தோடு சேரும்போது, வாசல் எந்தத் திசையைப் பார்த்தது என்பதைச் சொல்லிவிடும். இருவரையும் தனித்தனியே கேளுங்கள். சேர்த்து உட்காரவைத்தால் குரல் உரத்தவரின் நினைவே இருவரின் நினைவாகிவிடும்.

ஆல்பங்களிலிருந்து படங்களைப் பிய்க்காமல் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), டிஃப் என்ற கோப்பு வடிவம். தனிப் படமானால் பின்பக்கத்தையும் சேர்த்து. ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் எழுத்தும் அங்கேதான் இருக்கும். இடிபட இருந்த ஆக்ஸ்போர்டு ஆம்ஸ் என்ற சத்திரத்தை 1875இல் படமெடுக்க வைத்த லண்டன் சங்கம், சாதாரணப் பிரதிகள் மங்கிவிடும் என்பதால் மங்காத கார்பன் முறையில் அச்சிடச் செய்தது. சத்திரம் போய்விட்டது, அந்தப் பிரதிகள் இன்றும் தெளிவாக இருக்கின்றன. உங்களுக்கு அதற்கு ஈடான வழி மூன்று பிரதிகள்: இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்புகளில், அவற்றில் ஒன்றாவது வேறொரு கட்டடத்தில். ஆண்டுக்கு ஒருமுறை மூன்றையும் திறந்து பார்த்துவிடுங்கள்.