திருச்சியிலிருந்து ரயிலில் சென்று ஒரே நாளில் குடும்பத்துடன் தஞ்சாவூரைப் பார்த்துத் திரும்ப முடியுமா?

தாராளமாக முடியும். சிறு பிள்ளைகளும் வயதான பெற்றோரும் உடன் வருவதாகக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்பதால், பேருந்தைவிட ரயிலையே பரிந்துரைப்பேன். தூரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பயணம் ஒரு மணி நேரத்தை ஒட்டியே இருக்கும் என்பதால் முன்பதிவில்லாப் பெட்டியே போதுமானது.

ரயிலைச் சொல்வதற்கு வசதி மட்டும் காரணமன்று. திருச்சியில் மலைக்கோட்டை, அடுத்துப் பொன்மலை, பிறகு திருவெறும்பூரில் குன்றின்மேல் நிற்கும் எறும்பீசுவரர் கோயில் என்று வழியில் பாறையும் குன்றும் தென்படும். பூதலூரைத் தாண்டும்போது இருபுறமும் காவிரிப் பாசன வயல்களாகவே இருக்கும். பிள்ளைகளை ஜன்னலோரம் உட்காரவைத்து இந்த மாற்றத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். கருங்கல்லே கிடைக்காத சமவெளியில், ஏறத்தாழ 60 மீட்டர் உயர விமானத்தை முழுவதும் கருங்கல்லால் எழுப்பியிருக்கிறார்கள் என்பதை, பெரிய கோயிலை அடைந்த பிறகு எவ்வளவு விளக்கினாலும் இந்த ரயில் பயணம் புரியவைப்பதுபோல் புரியவைக்க முடியாது.

காலையில் கிடைக்கும் முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்துவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் கோயில் முற்றத்தில் வெறுங்காலுடன் நடப்பது முதியவர்களுக்குப் பெரும் துன்பம். நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். ரயில் நிலையத்திலிருந்து கோயிலுக்கு ஆட்டோவில் சில நிமிடங்களில் சென்றுவிடலாம். காலைச் சிற்றுண்டியைத் தஞ்சையிலேயே வைத்துக்கொண்டு, இட்லிக்குக் கடப்பா (பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்த குழம்பு) கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கோயிலுக்குள் பெரும்பாலோர் நந்தியைப் பார்த்து, தரிசனம் முடித்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கேரளாந்தகன் திருவாசலைக் கடந்ததும் வரும் இராஜராஜன் திருவாசலில் பேருருவ வாயிற்காவலர் சிலைகள் உள்ளன. அங்கே யானையை விழுங்கும் பாம்பு ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் அந்த வாயிலை விட்டு நகரமாட்டார்கள். பிறகு விமானத்தின் அடிப்பகுதிக்குச் செல்லுங்கள். 'நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்' மற்றவர் கொடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்று முதலாம் இராஜராஜன் ஆணையிட்ட கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. 1010-இல் நிறைவுற்ற இக்கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன், ஆடல் பணிக்கென்று ஊரூராக வந்து குடியேறிய 400 தளிச்சேரிப் பெண்டுகள், அவர்களுக்கு அளிக்கப்பட்ட வீடுகள், ஆளுக்கு நூறு கலம் நெல் என்ற பங்கு வரை இக்கோயிற் கல்வெட்டுகளில் பதிவாகியிருக்கின்றன. மன்னனின் பெயரோடு நின்றுவிடாமல் உழைத்தவர்களின் பெயர்களையும் காத்துவைத்திருப்பதால், இக்கோயிலை அதன் உயரத்தைவிட எழுத்துக்காகவே நான் அதிகம் மதிக்கிறேன். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாரேனும் சொன்னால், பிள்ளைகளையே நிழலைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள், நன்றாகவே விழுகிறது.

நடை சாத்தியபின், உணவையும் சற்று ஓய்வையும் முடித்துக்கொண்டு அரண்மனைக்குச் செல்லலாம். நாயக்கர் தொடங்கி மராத்தியர் விரிவாக்கிய அவ்வளாகம் பரந்தது. அனைத்தையும் பார்க்க முயன்றால் பெரியவர்கள் சோர்ந்துவிடுவார்கள். கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் (காளையை வாகனமாகக் கொண்ட சிவன்) செப்புத்திருமேனியை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். கோயில் நிறைவுற்ற மறு ஆண்டான 1011-ஐச் சேர்ந்தது. காளையின்மேல் சாய்ந்திருக்க வேண்டிய கையும், பாம்புகளைச் சுற்றித் தலைப்பாகையாகக் கட்டிய சடையும் இருக்கின்றன, காளை இல்லை. இருந்தும் காளை அருகில் நிற்பதாகவே தோன்றும். கால்வலி இல்லாதவர்கள் சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகத்தில் இரண்டாம் சரபோஜி திரட்டிய சுவடிகளையும் நூல்களையும் காணலாம். வார விடுமுறை நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

தாராசுரத்தையும் கும்பகோணத்தையும் இதே நாளில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சேர்க்க வேண்டாம். இரண்டும் இன்னும் கிழக்கே இருப்பதால், திரும்பும் வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில் எதையும் நின்று பார்க்க முடியாமல் போகும். மீதமுள்ள மாலையையும் பெரிய கோயிலுக்கே கொடுங்கள். மீண்டும் நடை திறந்தபின் பெற்றோரைத் திருச்சுற்று மாளிகையின் நிழலில் அமரவைத்துவிட்டு, காலையில் விட்டுப்போன கல்வெட்டுகளைப் பிள்ளைகளுடன் சுற்றிப் பார்க்கலாம். திருச்சிக்கு இரவிலும் வண்டிகள் உண்டு. நேரத்தை மட்டும் காலையில் இறங்கும்போதே நிலையத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.