உயிர்வேதியியல் முதல் செமஸ்டர்: பெங்களூரு மாணவர்கள் கேட்டவை

கிளைக்காலிசிஸின் (செல் குளுக்கோஸை உடைத்து ஆற்றல் எடுக்கும் வழி) 10 படிகளையும் உருப்போட்டுவிட்டேன். தேர்வு அறையில் எல்லாம் குழம்பிவிடுகிறது. – பி.எஸ்ஸி. மாணவி, அல்சூர்

பெயர்களை வரிசையாக உருப்போட்டால் ஒன்று நழுவும்போது மற்றதும் கூடவே போய்விடும். பெயரை விட்டுவிட்டுக் கார்பனை எண்ணுங்கள். 6 கார்பன் உள்ள குளுக்கோஸ் ஒன்று, 3 கார்பன் உள்ள பைருவேட் இரண்டாகிறது. முதல் பாதியில் 2 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) செலவு, பின்பாதியில் 4 வரவு. ஏன் முதலிலேயே செலவு? ஏடிபி தரும் பாஸ்பேட் ஏறிய சர்க்கரைக்கு மின்சுமை வந்துவிடும், செல் சவ்வைத் தாண்டி வெளியே போகாது. அடுத்து குளுக்கோஸை ஏன் பிரக்டோஸாக மாற்ற வேண்டும்? கார்போனைல் (C=O தொகுதி) 2-ஆம் கார்பனுக்கு வந்தால்தான் மூலக்கூறு 3, 3 எனச் சரிபாதியாகப் பிளக்கும். இப்படி ஒவ்வொரு படியிலும் "ஏன்" என்று கேட்டுக்கொண்டே வெள்ளைத்தாளில் கையால் வரையுங்கள். அப்புறம் ஹெக்சோகைனேஸ், பாஸ்போபிரக்டோகைனேஸ், பைருவேட் கைனேஸ் ஆகிய மூன்று நொதிகளையும் தனியாகக் குறித்துவையுங்கள். செல்லுக்குள் இவை நடத்தும் மூன்று படிகளும் பின்னோக்கிப் போகாது, கட்டுப்பாடும் இங்கேதான். ஏடிபி நிறைய இருந்தால் பாஸ்போபிரக்டோகைனேஸ் மந்தமாகிவிடும்.

20 அமினோ அமிலங்களின் அமைப்பும் தெரிந்தே ஆக வேண்டுமா? – சிவாஜிநகர் மாணவர்

ஆமாம், இதில் குறுக்குவழி கிடையாது. பக்கச் சங்கிலியை வைத்துப் பிரித்துப் படியுங்கள். ஹிஸ்டிடினை மட்டும் கூடுதலாகக் கவனியுங்கள். அதன் பக்கச் சங்கிலியின் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் புரோட்டானை விட்டிருக்கும் பிஎச்) சுமார் 6. உடலின் பிஎச்சுக்கு இவ்வளவு அருகில் இருப்பதால் புரோட்டானை எளிதாக வாங்கும், எளிதாக விடும். நொதிகளின் வினைமையத்தில் அதை அடிக்கடி பார்ப்பது இதனால்தான்.

கேஎம் குறைவாக இருந்தால் நல்ல நொதி என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். கேஎம் என்பது நொதி தன் உச்ச வேகத்தில் பாதியை எட்டத் தேவையான வினைப்பொருளின் செறிவு, அவ்வளவுதான். கல்லீரலில் குளுக்கோஸுக்குப் பாஸ்பேட் ஏற்றும் குளுக்கோகைனேஸ் நொதிக்குக் கேஎம் அதிகம். சாப்பிட்டு ரத்தத்தில் சர்க்கரை ஏறியபின் அது முழுவீச்சில் வேலை செய்ய வேண்டும் என்பதால், அந்த அதிகம்தான் அங்கே பொருத்தம்.

ராமச்சந்திரன் வரைபடம் நம் பெங்களூரில் பிறந்ததா?

இல்லை, சென்னைப் பல்கலைக்கழகத்தில். ஜி.என். ராமச்சந்திரன், சசிசேகரன், ராமகிருஷ்ணன் மூவரும் 1963-இல் வெளியிட்டார்கள். ராமச்சந்திரன் பின்னர்தான் இங்கே இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கினார். வரைபடம் சொல்வது இதுதான்: புரதச் சங்கிலி நினைத்தபடி திரும்ப முடியாது, பெரும்பாலான கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும். கிளைசினுக்குப் பக்கச் சங்கிலி வெறும் ஹைட்ரஜன் என்பதால் வரைபடத்தில் மற்ற அமினோ அமிலங்கள் போக முடியாத இடங்களிலும் அது இருக்கும். விடையில் இந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள்.